'டியர்' என்னும் வார்த்தை

ஆங்கில பாஷையில் பிரியத்தைக் காட்டும் 'டியர்' என்ற வார்த்தைக்கு இரண்டு பொருளுண்டு. அன்புக்குரியது என்பது ஒன்று. விலை மிகுந்தது என்பது மற்றொன்று. பிரெஞ்சு பாஷையின் 'ஷேர்', ஜெர்மன் பாஷையின் 'டோயர்' ஆகிய சொற்களும் அவ்வாறே இரு பொருளையும் தாங்கி நிற்கின்றன. நமது 'அருமை'யும் ஏறக்குறைய அத்தகையதே. கிடைத்தற்கு அரியதையும் அருமை என்கிறோம். பெற்ற பிள்ளையையும் 'அருமை மகன்' என்கிறோம்.

ஆயினும், கடிதத்தின் தலைப்பில் ஏறியதும் 'டியர்' தன் விலையை இழந்துவிட்டது. கடன் பாக்கிக்குக் கெடு வைக்கும் வக்கீல் நோட்டீஸ்கூட 'டியர் ஸார்' என்று தொடங்குகிறது. நாமே அவ்வாறு பல எழுதியிருக்கிறோம். அங்கே அது வெறும் சம்பிரதாயம். ஆங்கிலேயர் இதை நன்கறிவர். அதைக் கண்டு ஒருவரும் ஏமாறுவதில்லை. ஆகவே அவர்களைக் குறைகூற இடமில்லை.

நாம் வருந்துவது நம்மவரைக் குறித்தே. கடிதமாயினும், கைப்பேசிச் செய்தியாயினும், பெற்ற தாய்க்கும் 'மை டியர் மதர்' என்று எழுதுவதே நாகரிகமென எண்ணுவோர் இன்றும் உளர். அத்தாய் ஆங்கிலம் அறியாதவளாயின், அயலார் ஒருவர் படித்துப் பொருள் சொல்லவேண்டும். மகனுடைய அன்பு மொழிபெயர்ப்பாளர் மூலமாகவா தாயைச் சென்றடைவது?

ஆங்கிலத்தில் நடக்கும் ஆபீஸ் காரியங்களுக்கு 'டியர் ஸார்' இருக்கட்டும். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. வீட்டுக்கு எழுதுங்கால் 'அன்புள்ள அம்மா' என்றே தொடங்குவோமாக. அதைப் படிக்க அவளுக்குப் பிறர் உதவி வேண்டாம்.