பூட்டிக் கிடக்கும் படிக்கட்டுகள்

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியபோது, ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை தேர்வு செய்யப்பட்டது. தருமபுரியும் அதற்கு விலக்கன்று. நோக்கம் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால், விடியற்காலையில் உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, எட்டு மணிப் பேருந்தைப் பிடித்து வேலைக்குச் செல்லும் பெண் எந்த நேரத்தில் அந்தப் பாதைக்குப் போவார்? சிற்றூர்களில் ஒரு நடுத்தர வயதுப் பெண் தனியே 'வாக்கிங்' போனாலே நாலு பேர் நாலு விதமாகப் பேசும் நிலை இன்னும் முழுமையாக மாறிவிடவில்லை.

புள்ளிவிவரங்களும் இதையே உறுதி செய்கின்றன. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-இல் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். 2000-ஆம் ஆண்டில் இது 22 விழுக்காடாகத்தான் இருந்தது. ஆண்களில் 42 விழுக்காடு என்றால், பெண்களில் 57 விழுக்காடு. தேசிய குடும்பநல ஆய்வு தரும் கணக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையோர் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. ஆண்களில் 28.2 விழுக்காடு 37 ஆகியிருக்கிறது. ஐந்தே ஆண்டுகளில் இத்தகைய வளர்ச்சியை வேறெந்தத் துறை காட்டியிருந்தாலும் பொருளியல் ஆசிரியனாக மகிழ்ந்திருப்பேன்.

இந்நிலையில், தனி நேரமும் தனி இடமும் கேட்காத ஓர் உடற்பயிற்சியைப் பற்றி நாம் ஏன் பேசுவதில்லை? படிக்கட்டு ஏறுவதைத்தான் சொல்கிறேன்.

உடலுழைப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை அறிவியல் உலகம் முதன்முதலில் தெளிவாகக் கண்டது ஒரு படிக்கட்டில்தான். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்டு 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே சமூகப் பின்னணி; ஆயினும் நடத்துநர்களிடையே மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. பருமனானவர்கள்தாம் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்களோ என்ற கேள்வி எழுந்தது. மோரிஸ் சளைக்கவில்லை. பேருந்து நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டையே எடுத்து ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதுதான்; ஆனால், அது மட்டுமே இதயநோய் வேறுபாட்டை விளக்கவில்லை. முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் நடத்துகையில் இந்த இடுப்பளவுக் கதையைச் சொல்லாமல் நான் ஓர் ஆண்டையும் கடத்தியதில்லை.

அண்மைய சான்றும் உண்டு. பிரிட்டனில் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு, அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது படிகளுக்கு மேல் ஏறுவோருக்கு இரத்தக்குழாய் அடைப்பு சார்ந்த இதயநோய் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் குறைவாக இருந்தது என்பதே அது. உடல்நலமுள்ளவர்கள்தாம் படி ஏறுகிறார்கள் என்ற மறுப்புக்கு இத்தகைய ஆய்வில் எப்போதும் இடமுண்டு. எனினும், மோரிஸ் காலத்திலிருந்து சான்றுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

உடல் எடை குறையுமா என்பதே பலரின் கேள்வி. இங்கே நாம் கணக்கில் நேர்மையாக இருக்க வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவர் மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மாடியை ஏறும்போது செய்யும் வேலை அரை கிலோகலோரிக்குச் சமம். உண்ணும் ஆற்றலில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் தசையால் வேலையாக மாற்றப்படுகிறது என்பதால், உண்மையில் செலவாவது இரண்டு முதல் இரண்டரை கிலோகலோரி. நாளொன்றுக்குப் பத்து மாடி ஏறினாலும் இருபத்தைந்தைத் தாண்டாது. ஒரு மெதுவடையில் கால் பங்குகூட இராது! ஆண்டு முழுவதும் தவறாமல் ஏறி, உணவையும் கூட்டாமல் இருந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறையலாம். 'முப்பது நாளில் பத்து கிலோ' என்று காணொளிகளில் வாக்குறுதி அளிப்போரை நம்ப வேண்டாம்.

படிக்கட்டின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. அதாவது, சமதளத்தில் அரை மணி நேரம் மெதுவாக நடந்தாலும் கிட்டாத கடும் உழைப்பு இதயத்துக்கு இரண்டே நிமிடங்களில் கிட்டுகிறது. தொடையும் பிட்டமும் உடலின் மிகப் பெரிய தசைகள். அவை இயங்கும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. ராகிக் களியும் சாமைச் சோறும் வயல் வேலையும் போய், ரேஷன் அரிசியும் இருசக்கர வாகனமும் வந்த நம் மாவட்டத்தில், சாப்பாட்டுக்குப் பின் நான்கு முறை மாடி ஏறி இறங்குவது சிறிய காரியமன்று.

இதை எழுதும்போதே பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலை நினைவுக்கு வருகிறது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் மீது ஏற்றிச் சென்ற ஊர் அது. அங்குள்ளோரிடம் போய் ஏறினால் உடம்புக்கு நல்லது என்று சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளைப்பேற்று வலியோடு மலை இறங்க நேர்ந்தவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசுவது கொடுமை. மலைக்கிராமத்துக்குச் சாலை வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கு 2024-இல் கம்பிவட ஊர்தி வந்ததையும் முதியோர் சார்பில் வரவேற்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக்கட்டடங்கள் எல்லோரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. மின்தூக்கி வைக்காமல் தட்டிக்கழிக்க என் வாதத்தை எவரும் துணைக்கு அழைக்கக் கூடாது. ஏறுவதற்கு உடல் இடம்கொடுக்கும் ஒருவர், ஏற விரும்பியும் ஏற முடியாமல் போவதே என் கவலை.

ஏன் முடிவதில்லை? நம்மூர் வணிக வளாகம் ஒன்றிலோ பல மாடி அலுவலகம் ஒன்றிலோ நுழைந்து பாருங்கள். மின்தூக்கி வரவேற்பறைக்கு எதிரே பளபளக்கும். படிக்கட்டோ ஒரு மூலையில், விளக்கின்றி, வெற்றிலைக் கறையோடு இருக்கும். திருப்பத்தில் உடைந்த நாற்காலிகளும் கட்டுக்கட்டாகப் பழைய கோப்புகளும் கிடக்கும். மேல்தளக் கதவுக்குப் பூட்டு. இது உடல்நலப் பிரச்சினை மட்டுமன்று. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தபோது, குறுகலான படிக்கட்டு பற்றி நாடே பேசியது. அந்தப் பாடம் இருபது ஆண்டுகளில் மங்கிவிட்டது.

தனியார் உடற்பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றனவே என்பார்கள். டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாதக்கட்டணமாக 70 டாலருக்கு மேல் செலுத்திய அமெரிக்க உறுப்பினர்கள், மாதத்துக்குச் சராசரியாக நாலு முறைக்குச் சற்று மேல்தான் கூடத்துக்குப் போனார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலர் போதும். நாளைய தன் மனவுறுதியை மனிதன் எப்போதும் மிகையாகவே மதிப்பிடுகிறான். படிக்கட்டு அந்த மனவுறுதியை அவ்வளவாகக் கேட்பதில்லை. எப்படியும் மேலே போக வேண்டியிருக்கிறது. எந்த வழி கண்முன் இருக்கிறதோ அதில் போகிறோம். நியூயார்க் நகர நிர்வாகம் 2010-இல் வெளியிட்ட கட்டட வடிவமைப்பு நெறிமுறைகள், படிக்கட்டை நுழைவாயிலுக்கு அருகே வெளிச்சத்தோடு அமைக்கச் சொல்வது இதனால்தான். மின்தூக்கி அருகே ஓர் அறிவிப்புப் பலகை வைத்தாலே படி ஏறுவோர் எண்ணிக்கை கூடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சுமை. அவர்கள் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கலாம். படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ இடக்கையில் வலியோ தோன்றினால் அது பயிற்சிக்கான நேரமன்று, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். அறுபதைக் கடந்த என்னைப் போன்றவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதில் வெட்கமில்லை.

அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரையோடு வரும் தன்னார்வலர், வீட்டுப் படியில் எத்தனை முறை ஏறலாம் என்பதையும் நோயாளியின் நிலைக்கேற்ப, மருத்துவரைக் கேட்டுச் சொல்லலாம். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, தருமபுரியில் எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சொல்வேன். மின்தூக்கி யாருக்கு உண்மையில் தேவை என்பது அங்கேதான் கண்கூடு. உடல்நலமுள்ள பார்வையாளர்களும் மாணவர்களும் ஓரிரு மாடிகளுக்குப் படியில் போனால், தள்ளுவண்டியில் காத்திருக்கும் நோயாளி சில நிமிடங்கள் முன்னதாக மேலே போய்ச் சேருவார்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு, தருமபுரி)