பாடினாள், கேட்டோமா?



சித்திரை முழுநிலா நாளில், கூடலூரை அடுத்த மலையில் மக்கள் திரள்திரளாக ஏறுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும், குமுளியிலிருந்து வண்டிகளிலும் அவர்கள் செல்வது வண்ணாத்திப்பாறையில் உள்ள கண்ணகி கோட்டத்திற்கு. மதுரையில் கணவனை இழந்த கண்ணகி வையைக் கரை வழியே நடந்து, மலைமீது வேங்கை மர நிழலில் வந்து நின்றாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அந்த மலை இதுவே என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. அவள் துணையாகக் கொண்ட வையை பிறப்பதோ நம் வருசநாட்டு மலைகளில். எனவே இக்கதை நமக்கு அயலார் கதையன்று.

சிலப்பதிகாரம் படிப்பதற்கு மட்டும் இயற்றப்பட்ட நூலன்று. இயலும் இசையும் நாடகமும் கூடிய காப்பியம் அது. அதில் பெண்ணின் துயரம் பாட்டாகவே வளர்கின்றது. கடற்கரையில் மாதவி யாழெடுத்துப் பாடுகிறாள். கோவலன் அவள் உள்ளத்தில் வேறொருவன் இருப்பதாக எண்ணிப் பிரிந்து போகிறான். பாட்டைக் கேட்டவன், பாடியவளை ஒரு சொல் கேட்கவில்லை. மதுரையிலே பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை நம்பினான், தீர விசாரிக்கவில்லை. கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்துக் காட்டியபோது கோவலன் உயிரோடில்லை.

மலைமேல் நடந்ததோ வேறு. வேங்கை நிழலில் நின்றவளைக் கண்ட குறவர்கள், "அம்மையே, நீர் யார்?" என்று வினவினர். அவளும் தன் துயரைச் சொன்னாள். அவர்கள் அவளைத் தெய்வமெனக் கொண்டு குரவைப் பாட்டுப் பாடினர். அவர்கள் வழியாகவே அச்செய்தி சேரன் செங்குட்டுவன் செவிக்கு எட்டியது. காவலன் கேளாததைக் காட்டு மக்கள் கேட்டனர்!

மேனாட்டிலும் இத்தகைய இசை நாடகம் உண்டு, 'ஆப்பரா' என்பர். 1957-ல் மிலான் நகரில் முதன்முதல் அரங்கேறிய ஒரு நாடகத்தை நாம் அறிந்திருத்தல் நலம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், கோம்பியேஞ் நகரத்துக் கார்மேல் மடத்தைச் சேர்ந்த 16 பேர் பாரிஸில் தலை துண்டிக்கப்பட்டனர். அவர்கள் பாடியவாறே கொலைக்களம் சென்றனர். தப்பிய கன்னியர் ஒருவர் அதனை எழுதி வைத்தார். 1931-ல் கெர்ட்ரூட் ஃபோன் லெ ஃபோர்ட் என்னும் பெண் எழுத்தாளர் அதைக் கதையாக்கினார். பின்னர் பூலாங் என்பவர் இசையமைத்தார். இறுதிக் காட்சியில் கன்னியர் அனைவரும் மரியன்னையைப் போற்றிப் பாடுவர்; வெட்டுக்கத்தி விழும் ஓசை கேட்குந்தோறும் ஒரு குரல் குறையும்; முடிவில் ஒரே குரல், பின்னர் அமைதி. அக்கன்னியரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ல் புனிதராக ஏற்றார். ஒரு கன்னியர் எழுதி வைத்ததனால் அன்றோ அக்குரல்கள் இன்றும் நமக்குக் கேட்கின்றன!

நம் தமிழகத்திலும் 'ஞானசௌந்தரி' கதை நாடக மேடைகளில் நடிக்கப்பட்டு, 1948-ல் திரைப்படமாகவும் வந்தது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, அன்னை மரியாளின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் பெண்ணின் கதை. அப்படத்தில் அவள் தேவமாதாவை வேண்டிப் பாடிய பாட்டை முதியோர் பலர் இன்னும் மறந்திலர். வீட்டார் கேளாத அழுகையைத் தேவமாதா கேட்டாள்.

இனி நம் இல்லத்திற்கு வருவோம். தொட்டிலருகே தாலாட்டும் தாய், பிறந்த வீட்டுப் பெருமையோடு தன் மனக்குறையையும் சேர்த்தே பாடுகிறாள். நாம் அதைக் குழந்தையை உறங்க வைக்கும் பாட்டென்று விட்டுவிடுகிறோம். அவள் இறந்த அன்றோ, மற்றப் பெண்கள் ஒப்பாரியில் அவள் பட்ட பாடெல்லாம் சொல்லி அழுகின்றனர். "இவ்வளவு துன்பப்பட்டாளா!" என்று மகன் அப்போது தலையில் அடித்துக்கொள்கிறான். உயிரோடிருக்கையில் ஒருநாள் கேட்டிருக்கலாகாதா? பெண் பார்த்துத் தேதி குறித்த பின்னரும் மகளிடம் சம்மதம் கேளாத தந்தையர் நம் பங்குகளிலும் உள்ளனர். அவள் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்வோர், கோவலன் செய்த பிழையையே செய்கின்றனர்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் பாட்டியை ஒரு தாலாட்டுப் பாடச் சொல்லுங்கள். பாடி முடித்ததும், "இது யாரைப் பற்றியது, அம்மா?" என்று கேளுங்கள். மகள் வாய் திறந்தால் இடையில் பேசாதீர்கள். அடுத்த திருவிழா நாடகத்தில் ஒரு காட்சியையேனும் பங்குப் பெண்களே இயற்றிப் பாடட்டும்.

மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று ஆண்டவரைப் போற்றிப் பாடினாள். அவள் பாடுவதற்கு முன்னரே அவளை வாழ்த்தி வரவேற்றுக் கேட்டிருக்க எலிசபெத்து அங்கிருந்தாள். பாடுவோர் நம் இல்லங்களில் நிறைய உண்டு. எலிசபெத்துகளாக நாம் இருப்போமாக.