வென்ற மறுநாள்

வென்ற வீட்டில் விருந்து நடக்கும். தோற்ற வீட்டில் விசாரணை நடக்கும். உலக வழக்கு இதுவே. பரீட்சையில் தவறிய பிள்ளையை உட்கார வைத்து, எந்த வினாவை எப்படி எழுதினாய் என்று துருவித் துருவிக் கேட்கின்றோம். சித்தியடைந்த பிள்ளையிடம் அவ்வாறு கேட்பவர் யார்? இனிப்பை வாயிலிட்டு முதுகில் தட்டிக் கொடுப்பதோடு எமது கடமை தீர்ந்துவிடுகின்றது.

விருந்து முடிந்த மறுநாளே விசாரணையையும் தொடங்கிவிடும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். அவர்கள் அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி நதிக்கரையில் அமைந்துள்ள பேட்டன் ரூஜ் என்னும் நகரத்தினர்; லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்கு இரசிகர்கள். அப்பல்கலைக்கழக விளையாட்டரங்கில் 102,321 பேர் அமரலாம். ஆட்ட நாளாகிய சனிக்கிழமையன்று, பாட்டனும் பேரனுமாகக் குடும்பங்கள் நேரத்தோடு வந்து, ஊதாவும் பொன்னிறமும் கலந்த உடையணிந்து அரங்கைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். பெரிய பாத்திரங்களில், அரிசியோடு இறைச்சியும் காரமும் சேர்த்து ஆக்கும் 'ஜம்பலாயா' என்னும் சோறு வேகும். இரவில் ஆட்டம் முடியும். ஞாயிறு விடிந்ததும் பேச்சுத் தொடங்கும். "வென்றோம், சரி, எப்படி வென்றோம்?" என்பதே அப்பேச்சின் சாரம்.

இவ்விளையாட்டை அறியாதார்க்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். பெயர் உதைபந்தாட்டமே எனினும், பந்து காலிற் படுவதிலும் கையில் இருப்பதே அதிகம். றக்பி ஆட்டத்தின் வழித்தோன்றல் இது. களத்தின் நீளம் 100 கஜம், பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருப்போர்க்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அவற்றுள் 10 கஜமேனும் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அது கைகூடாதவிடத்து, இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து 3 புள்ளிகளுடன் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இவ்வாட்டத்தின் புதுமை யாதெனில், தாக்குவதற்கு ஒரு பதினொருவரும் காப்பதற்கு வேறொரு பதினொருவரும் இருப்பதுதான். ஆதலால், வென்ற பின்னரும் 'எந்தப் பதினொருவரால் வென்றோம்?' என்னும் வினா நியாயமாகவே எழுகின்றது.

2011ஆம் ஆண்டில் லூசியானா அணிக்கு லெஸ் மைல்ஸ் என்பவர் தலைமைப் பயிற்சியாளர். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் திகதி, பெரும் போட்டியாளரான அலபாமா பல்கலைக்கழகத்தை அதன் சொந்த அரங்கிலேயே லூசியானா அணி எதிர்த்தது. இரு அணிகளும் அதுவரை தோல்வியறியாதவை. நாட்டின் முதலிரு இடங்களில் நின்றவை. மேலதிக நேரம்வரை நீண்ட அவ்வாட்டத்தில் லூசியானா 9 புள்ளிகளுக்கு 6 என்ற கணக்கில் வென்றது. ஒரு மாநிலமே துள்ளிக் குதித்தது.

ஆனால் அந்த ஒன்பது புள்ளிகளும் எவ்வாறு வந்தன? மூன்றும் உதைகள். தாக்கும் அணி ஒரு தடவையேனும் எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு செல்லவில்லை. அலபாமாவோ தான் உதைத்த ஆறு உதைகளில் நான்கைத் தவறவிட்டது. எல்லைக்கு அருகே, எதிரணி வீரரின் கைக்கு வந்த பந்தை எரிக் ரீட் என்னும் காக்கும் அணி மாணவர் பறித்தெடுத்திராவிடில் கதை வேறாகியிருக்கும். அன்று வென்றது காக்கும் அணி. உடன் நின்றது அதிர்ஷ்டம்.

டிசம்பர் 3ஆம் திகதி நடந்தது இதனினும் வியப்புக்குரியது. ஜோர்ஜியா பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்தின் முதற்பாதி முழுவதிலும், லூசியானாவின் தாக்கும் அணி தன் முயற்சிகளால் ஒரு தடவைகூட அந்தப் பத்துக் கஜங்களைக் கடக்கவில்லை. எனினும் எதிரணி உதைத்தனுப்பிய பந்தை ஏந்திக்கொண்டு டைரன் மாத்தியூ என்பவர் எல்லைவரை ஓடினார். பிற்பாதியில் அணி முழுவதும் எழுச்சி பெற்றது. முடிவு 42க்கு 10. வெற்றிக் கணக்கு 13 ஆயிற்று, தோல்வி ஒன்றுமில்லை. பத்துக் கஜம் நகரமாட்டாது திகைத்த முதற்பாதியை அந்த 42 மூடி மறைத்துவிட்டது.

இத்தகைய வேளையில் இரசிகர் இரு சாராராகப் பிரிவது இயல்பு. "வெற்றி வெற்றிதானே, புள்ளியைப் பார், வந்த வழியை ஏன் பார்க்கின்றாய்?" என்பார் ஒரு சாரார். "இன்று காத்தவர்கள் நாளை களைத்தால் என் செய்வோம்?" என்பார் மறுசாரார். முன்னவர் பேச்சு செவிக்கு இனிமை. பின்னவர் பேச்சு மங்கல வீட்டில் தும்மியது போன்றது. ஆயினும் காலம் பின்னவர் பக்கமே சாட்சி சொல்லிற்று. 2012 ஜனவரி 9ஆம் திகதி, நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பேரரங்கில், தேசிய வெற்றிக் கிண்ணத்துக்காக அதே அலபாமாவை லூசியானா மீண்டும் சந்தித்தது. அன்று ஆட்டம் முழுவதிலும் தாக்கும் அணி முன்னேறிய தூரம் 92 கஜம். களத்தின் நடுக்கோட்டை அவர்கள் கடந்தது ஒரே ஒரு தடவை. முடிவு: 21க்குப் பூச்சியம்.

தோல்விக்குப் பின்னராவது குறை தீர்ந்ததா என்று வாசகர் கேட்கலாம். முற்றாகத் தீரவில்லை, அதற்குக் காரணம் மேலும் மேலும் வந்த வெற்றிகளே. அடுத்த நான்கு ஆண்டுகளிலும் எட்டு ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆண்டுதோறும் வென்றுகொண்டிருந்தார்கள். வெல்லும் அணியைத் திருத்துவது மிகக் கடினம். கூரை ஒழுகுவது மழையிலேதான் தெரியும். வெயிற் காலத்தில் ஏணியெடுப்பார் எவருமிலர். 2016 செப்டெம்பரில் மைல்ஸ் நீக்கப்பட்டு, எட் ஓர்ஜரன் பொறுப்பேற்றார். 2018 நவம்பரில் சொந்த அரங்கிலேயே அலபாமாவிடம் 29க்குப் பூச்சியம் என்று தோற்றபோது, ஏழாண்டுப் பழைய புண் மீண்டும் வாய் திறந்தது.

இனித்தான் எமது கட்டுரையின் உயிர்நிலை வருகின்றது. அப்பருவம் தோல்வியுடன் முடியவில்லை. 2019 ஜனவரி முதலாந் திகதி, மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தை 40க்கு 32 என்று வென்று, பருவத்தின் பத்தாவது வெற்றியுடன் லூசியானா விடைபெற்றது. மாற்றம் வேண்டாம் என்பதற்கு அது போதுமான சாட்டு. ஆனால் ஓர்ஜரன் அந்த வெற்றிக்குப் பின்னரே தாக்கும் முறையை மாற்றத் துணிந்தார். நியூ ஓர்லியன்ஸ் தொழில்முறை அணியில் பணியாற்றிய ஜோ பிரேடி என்னும் 29 வயது இளைஞரை அழைத்து வந்து, தாக்குதலின் தலைவராகிய ஸ்டீவ் என்ஸ்மிங்கருக்குத் துணையாக்கினார்.

மாற்றம் யாது? முன்னைய முறையில் ஆட்டக்காரர் நடுவில் நெருங்கி நிற்பர்; பந்தை ஏந்தியவர் அந்நெருக்கத்தினுள் முட்டிமோதி இரண்டு மூன்று கஜம் நகர்வார். பலம் கொண்டு பலத்தை வெல்லும் வழி அது. எதிரியும் பலசாலியாயிருந்தால் வழி அடைபட்டுப்போகும். புதிய முறையிலோ, பந்தைப் பிடிப்போர் நால்வர் ஐவராகக் களத்தின் அகலமாகிய 53 கஜத்துக்கும் பரந்து நிற்பர். அவர்களைக் காப்பதற்கு எதிரியும் பரந்தே ஆகவேண்டும்; பரந்தால் இடைவெளி விழும். எறிபவர் நொடிப்பொழுதில் அவ்விடைவெளியைக் கண்டு பந்தை எய்தல் வேண்டும். எறிபவரான ஜோ பரோ என்பவர் முதல் ஆண்டிலும் அங்கேதான் ஆடினார். அப்போது அவர் எறிந்து பெற்ற எல்லை வெற்றிகள் 16. புதிய முறையில் மறு ஆண்டு அது 60 ஆயிற்று. ஆள் அவரே, அவருக்குத் திறக்கப்பட்ட வழிதான் வேறு.

2019 செப்டெம்பர் 7ஆம் திகதி டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டம் இதற்கு உரைகல். மூன்று நிமிடங்களுக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தது. லூசியானா ஆறே புள்ளிகளால் முன்னின்றது. மூன்றாவது முயற்சி, கடக்க வேண்டியதோ 17 கஜம். பழைய வழக்கப்படி, பந்தை நெருக்கத்தில் நுழைத்துக் கடிகாரத்தை ஓடவிட்டுக் காக்கும் அணியை நம்பியிருப்பார்கள். அன்று அவ்வாறு செய்யவில்லை. பரோ எறிந்தார், ஜஸ்டின் ஜெபர்சன் பிடித்தார், 61 கஜம் கடந்து எல்லை சேர்ந்தார். 45க்கு 38 என்று ஆட்டம் முடிந்தது. எட்டாண்டுகளுக்கு முன் 9க்கு 6 என்று வென்றதும் வெற்றியே; இதுவும் வெற்றியே. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவன் ஆட்டத்தைப் பார்த்தவனல்லன். பலகையை மட்டும் பார்த்தவன். அன்றைய வெற்றியிலும் விசாரணைக்கு இடமிருந்தது. 38 புள்ளிகளை விட்டுக்கொடுத்தவர்கள் இம்முறை காப்பவர்கள் அன்றோ?

அப்பருவத்தின் 15 ஆட்டங்களையும் லூசியானா வென்றது. 726 புள்ளிகள் குவித்தது. 2020 ஜனவரி 13ஆம் திகதி, முன்னர் 21க்குப் பூச்சியம் என்று தலைகுனிந்த அதே நியூ ஓர்லியன்ஸ் அரங்கில், கிளெம்சன் அணியை 42க்கு 25 என்று வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

இவ்விடத்தில் ஒன்றை மறவாமற் கூறவேண்டும். கிண்ணத்துக்கான இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டம் 2019 டிசம்பர் 28ஆம் திகதி நடைபெற்றது. அன்று காலை, என்ஸ்மிங்கரின் மகனுடைய மனைவி விமான விபத்தில் உயிரிழந்தார். அத்துயரச் செய்தியைக் கேட்ட மனிதர், சில மணி நேரத்தில் தம் ஆசனத்தில் அமர்ந்து ஆட்டத்தை நடத்தினார். அவரது தாக்கும் அணி 63 புள்ளிகள் பெற்றது. இரசிகர் கூட்டம் 'தாக்குதல் சரியில்லை' என்று முழங்கும்போது, அச்சொல் ஒரு வீட்டிலுள்ள ஒரு மனிதரின் செவியிலும் விழுகின்றது. களத்தில் நிற்போரும் இருபது வயதை ஒட்டிய மாணவர்களே. 2012இல் தோற்ற இரவில் பலருடைய கோபம் எறிபவராய் நின்ற ஒரு மாணவரின் தலையில் வீழ்ந்தது. அடைபட்ட வழியில் அவரை நிறுத்திய முறையின் குற்றத்தை அவர் சுமந்தார். குறை காண்பது இரசிகனின் உரிமை. முறையைக் குறை காண்பதற்கும் பிள்ளையைப் புண்படுத்துவதற்கும் இடையேயுள்ள கோட்டை அறிவது அவனது கடமை.

ஆகவே, நல்ல இரசிகன் வென்ற மறுநாள் கேட்கத்தக்கவை மூன்றென்று நாம் எண்ணுகின்றோம். பெற்ற புள்ளிகளுள் எமது முயற்சியால் வந்தவை எத்தனை, எதிரியின் தவறால் வந்தவை எத்தனை? இக்கட்டான முயற்சியில் என் செய்தோம்? இன்றையினும் வலிய எதிரி வந்தால் இதே வழி செல்லுமா? இம்மூன்றும் பந்தாட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல.

மகிழ்ச்சியின் மிகுதியால் வரும் மறதியை அஞ்சி, பொச்சாவாமை என்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அவர் வழிவந்த எமக்கு இப்பாடம் புதிதன்று, நடைமுறைதான் அரிது. வெற்றிகூட நிலைத்து நிற்பதில்லை. அந்தப் பெரும் வெற்றியின் பின் பரோ உட்படப் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றனர்; பிரேடியும் விலகினார்; மறு பருவத்தில் லூசியானா ஐந்தில் வென்று ஐந்தில் தோற்றது. 2021ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஓர்ஜரனும் விடைபெற்றார். நேற்றைய கிண்ணம் நாளைய ஆட்டத்தை ஆடித் தராது.

அடுத்த முறை எமது பிள்ளை நல்ல பெறுபேற்றுடன் வீடு திரும்பும்போது, முதலில் விருந்து நடக்கட்டும். பேட்டன் ரூஜ் மக்களும் முதலில் சோறாக்கி உண்டு மகிழ்ந்த பின்னரே கணக்குப் பார்க்கின்றார்கள். மறுநாட் காலையில், தேநீரருந்தும் வேளையில், பிள்ளையின் அருகிலமர்ந்து, "எந்த வினாவுக்குத் தெரிந்து எழுதினாய், எந்த வினாவுக்கு அதிர்ஷ்டம் கை கொடுத்தது?" என்று சிரித்த முகத்துடன் ஒரு வார்த்தை கேட்போம். தோற்ற அன்று கேட்டால் அது தண்டனையாகும். வென்ற மறுநாள் கேட்டால் பிள்ளையும் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லும்.