ஐந்நூறு காலன் காடி!

மாதம் பிறந்ததும் மளிகைச் சாமான் ஜாபிதா எழுத உட்காருகிறீர்கள். துவரம் பருப்பு விலை ஏறியிருக்கிறது. அதில் கொஞ்சம் குறைத்துப் பயற்றம் பருப்பில் கூட்டுகிறீர்கள். எண்ணெயில் கை வைத்தால் அப்பளம் பொரிக்க முடியாது. பாலைக் குறைக்கலாமென்றால் வீட்டில் குழந்தை இருக்கிறது. இப்படிக் கூட்டிக் கழித்து, கையிலுள்ள பணத்துக்குள் குடும்பத்தை நிறுத்தி விடுகிறீர்கள். "இது என்ன பிரமாதம்? மாதா மாதம் செய்கிற காரியம்தானே!" என்பீர்கள்.

பிரமாதம்தான், சகோதரிகளே! இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அமெரிக்காவில் பெரிய பெரிய மேதைகள் திணறியிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்று ஒரு பொருளாதார நிபுணர். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1945-ல் ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டார். 154 ராத்தல் எடையுள்ள ஒரு மனிதன், உடம்புக்கு வேண்டிய சத்து எதுவும் குறையாமல் ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். செலவு மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். எதை, எவ்வளவு வாங்குவது?

கலோரி, புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வைட்டமின்கள் என்று மொத்தம் ஒன்பது நிபந்தனைகள். கடையில் கிடைக்கும் பண்டங்கள் எழுபத்தேழு. ஸ்டிக்ளர், லாபமில்லாத பண்டங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, மிச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஒரு ஜாபிதாவுக்கு வந்து சேர்ந்தார். கோதுமை மாவு 370 ராத்தல், முட்டைக்கோஸ் 111 ராத்தல், பசலைக் கீரை 23 ராத்தல், உலர்ந்த பீன்ஸ் 285 ராத்தல், டின் பால் 57 டின். 1939-ம் வருஷத்து விலையில் வருஷச் செலவு 39 டாலர் 93 சென்ட். அவ்வளவுதான்! அந்நாளில் நிபுணர்கள் வகுத்திருந்த சிக்கனச் சாப்பாட்டுத் திட்டங்களுக்கெல்லாம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும்.

தினமும் முக்கால் ராத்தலுக்கு மேல் பீன்ஸ்! தாளிப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, பண்டிகைக்கு ஒரு பாயசம்கூட இல்லை. இதைச் சாப்பிடும்படி யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது என்று ஸ்டிக்ளரே ஒப்புக் கொண்டார். உயிரைக் காப்பாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு ருசிக்கும் மாறுதலுக்கும் கௌரவத்துக்கும் போகிறது என்பதே அவர் கண்ட உண்மை.

ஆனால், இதைவிட மலிவான ஜாபிதா இல்லவே இல்லை என்று அவரால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதற்கு ஒரு வழி 1947-ல் பிறந்தது. ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற கணித மேதை அதைக் கண்டுபிடித்தார். 'ஸிம்ப்ளெக்ஸ்' என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நீங்கள் செய்வதுதான். நிபந்தனைகளுக்குப் பொருந்தும் ஏதாவது ஒரு ஜாபிதாவை முதலில் எடுத்துக் கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒரு பண்டத்தை உள்ளே கொண்டு வந்து, இருக்கும் ஒன்றை வெளியே தள்ளினால் செலவு குறையுமா என்று பாருங்கள். குறைந்தால் மாற்றி விடுங்கள். மறுபடி பாருங்கள். இனி எதை மாற்றினாலும் குறையாது என்ற நிலை வந்ததும் நிறுத்தலாம். இப்படிப்பட்ட கணக்கில், அதற்குமேல் மலிவு உலகத்திலேயே கிடையாது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம் என்பதுதான் இதன் அழகு.

இந்த வழியைச் சோதிக்க, ஸ்டிக்ளரின் கணக்கையே எடுத்துக் கொண்டார்கள். ஒன்பது குமாஸ்தாக்கள் கையால் இயக்கும் கணக்கு யந்திரங்களோடு உட்கார்ந்தார்கள். ஓர் ஆள் செய்வதானால் 120 நாள் பிடிக்கும் வேலை! விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்ளர் குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு வருஷத்துக்கு 24 சென்ட்தான் தவறியிருந்தது. கை அளவுக்கு எவ்வளவு மதிப்பு பார்த்தீர்களா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிபந்தனை ஒன்பது என்றால், மிக மலிவான ஜாபிதாவுக்கு ஒன்பது பண்டங்களுக்கு மேல் தேவைப்படாது. எழுபத்தேழு இருந்தாலும் சரி, எழுநூறு இருந்தாலும் சரி. மலிவைத் தவிர வேறொன்றும் கேட்காத கணக்கு, அலுப்பைத்தான் சமைத்துப் போடும்.

டான்ட்ஸிக்கின் வீட்டுக் கதைக்கு வருவோம். அவர் கலிபோர்னியாவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த காலம். உடம்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கணித மேதை சும்மா இருப்பாரா? ஐந்நூறுக்கு மேற்பட்ட பண்டங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். தினம் 1500 கலோரிக்குள் இருக்க வேண்டும். ஆனால் வயிறு நிறைந்தாற்போல் தோன்ற வேண்டும். அதற்காக, தண்ணீரைக் கழித்த எடை எவ்வளவு கூடுமோ அவ்வளவு கூடட்டும் என்று ஆணையிட்டார். யந்திரம் சொல்வதைத்தான் சாப்பிடுவேன் என்று மனைவி ஆனிடம் சொல்லியும் விட்டார்.

முதல் நாள் ஜாபிதா வந்தது. அதில் மற்றவற்றோடு ஐந்நூறு காலன் காடி! காடியைப் புளித்த நீரென்று நாம் அறிவோம். யந்திரத்துக்குக் கொடுத்த பட்டியலிலோ, காடியில் தண்ணீரே கிடையாதென்று இருந்தது. கலோரியும் இல்லை. அப்புறம் என்ன, ஊற்று ஊற்று என்று ஊற்றிவிட்டது. காடியை நீக்கினார். மறுநாள், தினம் இருநூறு சூப் வில்லைகள் என்று வந்தது. காலையில் சிலவற்றைக் கரைத்து வாயில் வைத்தார். உப்புக் கரித்தது, துப்பிவிட்டார். உப்புக்கு மேல் எல்லை ஏன் பட்டியலில் இல்லை என்று விசாரித்தார். ஜனங்களுக்கே அந்தப் புத்தி இருக்குமே, எழுதுவானேன் என்று பதில் வந்தது! வில்லைக்கு எல்லை வைத்தார். அடுத்த நாள் இரண்டு ராத்தல் தவிடு வந்தது.

கடைசியில் ஸ்ரீமதி ஆன் குறுக்கிட்டார். யந்திரத்தின் ஜாபிதாக்களை அவர் படித்துக்கொண்டேதான் இருந்தார். அவற்றில் நல்ல யோசனைகளும் இருந்தன. அவற்றை எடுத்துக் கொண்டு, தாமே ஒரு பத்தியம் வகுத்தார். டான்ட்ஸிக் 22 ராத்தல் இளைத்தார்!

சிரித்து விட்டுப் போகிற சமாசாரமா இது? இல்லை. பசித்த ஜனங்களுக்கு இன்று இதே கணக்கில்தான் சோறு போகிறது.

ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் 2020-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றது. அகதிக்கு நாளைக்கு 2100 கலோரி என்பது அங்கே ஒரு பொது அளவு. எந்தத் தானியம், எந்தப் பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்பதோடு கணக்கு முடிவதில்லை. எந்த நாட்டில் வாங்குவது, எந்தத் துறைமுகத்தில் இறக்குவது, எந்தச் சாலையில் லாரி போகும் என்பதும் சேர்ந்த கணக்கு அது. கிடங்கில் மலை போல் கோதுமை இருந்தாலும், நடுவில் ஒற்றைப் பாலம் தினம் இருபது லாரிகளைத்தான் தாங்குமென்றால், முகாமுக்குப் போவதும் அந்த இருபதுதான். நம் வீட்டு மாடிக் குழாயும் அப்படித்தானே? தொட்டி எவ்வளவு பெரிதாயிருந்து என்ன, இடையில் குழாய் குறுகினால் நூல் போலத்தான் ஒழுகும்.

வழிகள் பல பிரிந்து சேரும்போது எந்த இடம் குறுகல் என்று கண்டுபிடிக்கவும் கணக்கு உண்டு. அதே ராண்ட் நிலையத்தின் போர்டும் ஃபல்கர்ஸனும் 1956-ல் அதை வெளியிட்டார்கள். அனுப்பும் இடத்தையும் சேரும் இடத்தையும் பிரிக்கும்படி எத்தனையோ விதமாகக் கோடு கிழிக்கலாம். கோட்டைக் கடக்கும் வழிகளின் கொள்ளளவைக் கூட்டினால், எந்தக் கோட்டில் மிகக் குறைவோ, அந்த அளவுதான் அனுப்பக் கூடிய உச்சம். இதற்குத் தூண்டுதலாயிருந்தது, சோவியத் ரயில் பாதைகளைப் பற்றிய 1955-ம் வருஷத்து ரகசிய அறிக்கை ஒன்று. அது வெளியானது 1999-ல்தான். எதிரியின் பாதையை எங்கே அறுப்பது என்று பார்த்த கணக்கு, பசித்தவனுக்கு எந்த வழியில் சோறு அனுப்பலாம் என்று பார்க்கவும் உதவுகிறது. 2021-ல் இந்த வேலைக்காகவே உலக உணவுத் திட்டத்துக்கு 'ஃப்ரான்ஸ் எடெல்மன்' விருது கிடைத்தது.

ஆனாலும் ஒன்று. முகாமில் கிடைத்த தானியத்தில் ஒரு பங்கை விற்று, அதில் மிளகாயும் வெங்காயமும் வாங்குகிற தாய்மார்கள் உண்டு. சத்து போதாமலா? வாயில் வைக்க விளங்காமல்! வெறும் கோதுமையும் பருப்பும் குழந்தைக்கு இறங்குமா என்பது ஜாபிதாவில் எழுதாத நிபந்தனை. எழுதாததை யந்திரம் அறியாது. ஒரே பண்டம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, இன்னது இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது கைப்பேசியில் தட்டினால் வாரச் சமையல் திட்டம் வந்து விழுகிறது. தாராளமாக வாங்கிப் பாருங்கள், நல்ல யோசனை இருக்கும். அதற்குப் பிறகு, ஸ்ரீமதி ஆன் செய்த மாதிரி, பேனாவை எடுத்துக் கொண்டு ஒரு முறை மேலிருந்து கீழே திருத்துங்கள். வீட்டில் யாருக்கு எது இறங்காது என்று உங்களுக்குத்தானே தெரியும்?