டிராயிங் இல்லாத டிரைவர்

போன மாதம் என் பேரனின் பழைய லேப்டாப்பில் வைஃபை நின்றுபோனது. போர்ட் கொச்சியில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பையன் வந்து பார்த்தான். லினக்ஸில் குறை ஒன்றும் இல்லை, அது அப்டேட் ஆகிவிட்டது, வைஃபை டிரைவர்தான் பழையது, கம்பெனி இந்த மாடலைக் கைவிட்டுவிட்டது என்றான். டிரைவர் என்றால் என்ஜின் ஓட்டுபவர் என்றே 35 வருடம் பழகியவன் நான். விளங்கிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

விஷயம் இதுதான். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 1992 முதல் ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் இருக்கிறது. அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலும் கூடவே போகவேண்டும். சில கம்பெனிகளோ தங்கள் மாட்யூலை மட்டும் பூட்டியபடியே கெர்னலோடு கோத்துவிடுகின்றன. அது தனிச்சரக்கு, உங்கள் உரிமம் அதைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் வாதம். வேறு சிஸ்டத்துக்காக முன்பே எழுதப்பட்ட டிரைவர் என்றால் இதில் ஓரளவு நியாயம் உண்டென்று லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னதுண்டு. ஆனால் பூட்டிய மாட்யூல் ஏறியவுடன் கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். பிறகு கோளாறு என்று போனால், முதலில் அதைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஷெட் நிறைய ஆல்கோ வகை டீசல் என்ஜின்கள். அமெரிக்க ஆல்கோவிடம் நம் ரயில்வே என்ஜினை மட்டும் வாங்கவில்லை. தொழில்நுட்பத்தையும் சேர்த்தே வாங்கியது. 1964இல் வாரணாசியில் முதல் என்ஜின் தயாரானது. 1969இல் ஆல்கோ என்ஜின் செய்வதையே நிறுத்திவிட்டது! இங்கே அதன் பிறகும் பல வருடங்கள் அவை உற்பத்தியாயின. டிராயிங் நம் கையில் இருந்தது.

இதை எழுதக் காரணம் உண்டு. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் கேரளப் பள்ளிகளில் லினக்ஸைப் பரப்பின. நம் பிள்ளைகள் பலர் அதில்தான் கற்கிறார்கள். அரசுப் பணத்தில் கணிப்பொறி வாங்கும்போது டிரைவரின் மூல நிரலும் வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்ப்பது அவசியம் என்பது என் கருத்து. தொழில் ரகசியம் போய்விடும் என்பார்கள். அந்தச் சாக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்விடியாவே 2022இல் தன் புதிய கார்டுகளின் கெர்னல் மாட்யூல்களைத் திறந்துவிட்டதே!

பேரன் இப்போது செல்போனை ஒயரில் மாட்டி இன்டர்நெட் பார்க்கிறான். அடுத்த லேப்டாப் வாங்க எர்ணாகுளம் போகும்போது விலை கேட்கும் முன் டிரைவரைப் பற்றிக் கேட்கப்போகிறேன். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.