எலும்பு சொல்லும் கதை

வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். கால் எலும்பைக் கடித்தால் பல்தான் நோகும். பிராய்லர் கோழியின் எலும்போ சுலபமாக நசுங்கிவிடும். ஏன் என்று என்றாவது யோசித்ததுண்டா?

முதற் காரணம் வயது. பிராய்லர் குஞ்சு ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. நாட்டுக்கோழி குழம்புக்குத் தேற நாலைந்து மாதமாவது ஆகும்.

இன்னொரு காரணம், எலும்பு கட்டப்படும் விதம். அவசரமாக வளரும் எலும்பில் நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். ரத்தக் குழாய்கள் ஓடும் துவாரங்களும் ஏராளம். நிதானமாக வளரும் எலும்பிலோ நார்கள் வரிசை வரிசையாகப் படியும், துவாரங்கள் குறைவு. வேகத்துக்கும் அமைப்புக்கும் உள்ள இந்த உறவை 1947-ல் எடுத்துச் சொன்னவர் இத்தாலிய விஞ்ஞானி அம்ப்ரினோ.

துவாரங்கள் நாளடைவில் நிரம்பி எலும்பு கெட்டிப்படுவதுதான் இயற்கை. பிராய்லரின் காலுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. உடல் பாரம் முந்திக்கொள்கிறது. சில கோழிகள் நொண்டியாகிப் போகின்றன.

இதே கணக்கு ஆதிப் பறவைகளின் கதையையும் சொல்கிறது. தென்னாப்பிரிக்க விஞ்ஞானி அனுசுயா சின்சாமி, 1994-ல் தம் சகாக்களுடன், அர்ஜென்டினாவில் கிடைத்த ஆதிப் பறவைகளின் எலும்பை மெல்லிய சீவலாக்கி ஆராய்ந்தார். உள்ளே மரத்தில் இருப்பது போன்ற வளையங்கள்! அப்பறவைகள் ஆண்டுதோறும் நின்று நின்று வளர்ந்திருக்கின்றன. இன்றைய பறவைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் வளர்ந்து முடித்துவிடுகின்றன.

அடுத்த முறை எலும்பு பல்லுக்குப் பதமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். கூடவே, அந்தக் கால் பட்ட பாட்டையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்!