மூத்தோர் கட்டும் கவி

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே கவி என்றால் ஏட்டிலுள்ள செய்யுளன்று. மச்சானையோ மச்சியையோ விளித்து, நான்கு சிற்றடிகளில், நின்ற நிலையிற் கட்டிப் பாடும் பாட்டு அது. வயற்காவற் பரணிலும், அறுவடைக் களத்திலும், நெற்குற்றும் முற்றத்திலும் பிறந்தது. கட்டியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. எழுத்தறியாப் பெண்கள் பலர் கட்டினர் என்பது தெரியும். நிந்தவூர் எஸ். முத்துமீரான், சாய்ந்தமருது எஸ். எச். எம். ஜெமீல் முதலியோர் இவற்றை அரிதின் முயன்று தொகுத்தனர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூல் தந்து பண்டை இசையின் இலக்கணத்தை விளக்கினார். அயலூர்களிலோ இலக்கணம் எழுதப்படாத இவ்விசை வாழ்ந்தது.

தொகுக்கப்பட்டவை பழைய பாட்டுகள். பாட்டுக் கட்டும் ஆற்றல் இன்னும் சில முதியவர் நாவில் எஞ்சியுள்ளது. அதனை என்ன செய்யப் போகிறோம்?

மேலைநாடுகளில், இரண்டாம் உலகப் போரிற் காயமுற்றோரைப் பேணிய மருத்துவமனைகளில் இசைமருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1950இல் அதற்கொரு தேசியச் சங்கம் அமைந்தது. முதியோரைப் பாட்டுக் கேட்கச் செய்வதோடு நில்லாது, இயற்றவும் செய்வது அதன் ஒரு கிளை. மெல்பேர்ண் பல்கலைக்கழகப் பேராசிரியை பெலிசிற்றி பேக்கர் இதுபற்றி 2015இல் விரிவான நூலொன்று எழுதினார். தெரிந்த மெட்டுக்குப் புதுச்சொல் அமைப்பர். அல்லது அடியில் வெற்றிடம் விட்டு முதியவரை நிரப்பச் செய்வர். மறதிநோயாளர் பலருக்கு நேற்றைய செய்தி மறைந்த பின்னரும் இளமையிற் பழகிய மெட்டு நிற்கிறது. அது சொல்லையும் உடன் இழுத்து வருகிறது. நோய் இதனால் தீராது. தீரும் என்பாரை நம்பவேண்டா. சோர்வு தணிவதும், வாய்மூடி இருந்தவர் பேசுவதும் உண்டு. அஃது ஒரு வீட்டிற்குச் சிறிய பேறன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள்.

வெற்றிடம் நிரப்பும் வித்தையை நம் மூத்தம்மாமாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒருவர் தொடுக்க மற்றவர் மறுமொழி கட்டுவது களத்து வழக்கமன்றோ! இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கவிக்கோ கருவியே வேண்டா, மிடறு போதும்.

மாணவர்கள் விடுமுறையில் இதனை முயலலாம். “மூத்தம்மா, உங்கட வளவில என்ன மரம் நின்றது?” என்று கேளுங்கள். மருதமுனைத் தறியில் இருந்தவராயின் தறியோசையையும், கரைவலை இழுத்தவராயின் அம்பாப் பாட்டையும் கேட்கலாம். வந்த சொல்லை வந்தவாறே எழுதி, அவர் அறிந்த மெட்டிற் பாடிக் காட்டுங்கள். பிழையென்று அவரே திருத்துவார். அப்போது பாட்டுப் பிறந்துவிட்டது என்று கொள்க. எழுவாய், பயனிலை தேடும் எம் போன்ற ஆசிரியரை அந்நேரம் அண்டவிடாதீர்கள்.

எல்லா நினைவும் இனியதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் கடல் கொண்டது. பிள்ளையை இழந்த தாய் அடியொன்றின் நடுவில் நின்றுவிடலாம். அவ்விடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடாதீர்கள். தாளை மூடி அருகில் இருங்கள். மறுநாள் அவரே தொடங்கினால் தொடங்கட்டும். இறந்தவரை உயிரோடிருப்பவராக அவர் பாடினாலும் அதைத் திருத்தப் புகவேண்டா. துயரம் நாட்கணக்கில் நீடித்து, ஊணும் உறக்கமும் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அது பாட்டினால் ஆகும் காரியமன்று.

நான்கு அடி முடிந்ததும், கட்டியவர் பெயரையும் ஊரையும் திகதியையும் கீழே எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, ஒரு படியை அவர் பெட்டியில் வைத்துவிடுங்கள்.